கயிற்றின் கடைசிப் பிடி

உங்கள் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளைக்கு நேரே ‘உடல்நலமும் பாதுகாப்பும்’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்த நாற்பது நிமிடங்களைக் கேட்டுச் சக ஆசிரியர்கள் வருவார்கள். கணக்கில் இரண்டு பாடம் பாக்கி என்பார்கள், ஆண்டுவிழா ஒத்திகை என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை உரிமையோடு சொல்லக்கூடியது இது ஒன்றுதான். என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தவறுகளும், அவற்றால் நான் திருந்திய விதமும் பெரும்பாலும் அந்த நாற்பது நிமிடங்களுக்குள்தான் நடந்தன.

கை கழுவும் முறை, குனிந்து நிமிரும் பயிற்சிகள், சாலையைக் கடக்கும் ஒழுங்கு ஆகியவற்றைப் பயிற்சிக் கையேடு உங்களுக்கு விளக்கிவிடும். ஒன்றை மட்டும் அது சொல்லாது: கை கழுவும்போது பாட்டுப் பாடச் சொன்னால், பாட்டு எங்கே முடிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அன்று பள்ளியின் தண்ணீர்த் தொட்டி வறண்டது. சத்துணவுக் கூடத்து அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு கயிற்றைப் பற்றி.

இராஜபாளையத்தில் நான் பணியாற்றிய பள்ளி, நெருக்கடியான தெரு ஒன்றில் இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல ஒரு நீளமான பருத்திக் கயிறு வைத்திருந்தேன். அதில் இரண்டடிக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு, ஒரு பிள்ளை. முன்முனை என் கையில் இருக்கும். மில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். ஷிப்டுக்கு நேரம் பார்த்து நடப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். முடிச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னே செல்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வருவார்கள். எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கயிறு ஒரு முறையும் என்னைக் கைவிட்டதில்லை.

பின்னர் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறுதல் வந்தது. பேருந்தில் அரைமணி நேரத் தொலைவு. பழைய பள்ளியில் புதுக்கயிறு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் கயிற்றைப் பையில் வைத்து எடுத்துச் சென்றேன். அரைமணித் தொலைவில் பிள்ளைகள் எப்படி வேறுபட்டுவிடப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மைதானத்தில் கயிற்றை விரித்தேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருபத்தாறு பிள்ளைகள். பைகளைக் காக்க மரத்தடியில் அமர்ந்த ஒருத்தியைத் தவிர, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்தார்கள். நான் முன்முனையைக் கையில் எடுத்து, “நடக்கலாமா?” என்று கேட்டேன்.

“கோவிந்தா!” என்றது ஒரு குரல்.

“கோபாலா!” என்றன இருபத்து நான்கு குரல்கள்.

அடுத்த நொடி நான் ஓடிக்கொண்டிருந்தேன். மிகைப்படுத்தவில்லை. பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். கயிற்றை விடக்கூடாது என்ற என் சட்டத்துக்கு நானே கட்டுப்பட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றினேன். நடுவில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கால்கள் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. கொடிக்கம்பத்தருகே மூன்றாம் வகுப்புக் கண்ணன் தடுக்கி விழ, அவன்மீது ஐந்தாறு பேர் விழுந்தார்கள். கண்ணனின் முழங்கால் நன்றாகவே சிராய்த்துவிட்டது. அவனோ எழுந்து, “டீச்சர், இன்னொரு சுத்து?” என்று கேட்டான்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கயிறு என்றால் வடம். வடம் என்றால் இழுப்பது. அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நடப்பது எப்படி என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. நாம் கொடுக்கும் பொருளுக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும். நான் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கண்ணனின் தந்தை வந்தார். தலைமையாசிரியர் என்னை அழைத்து, “கயிறு இனி வேண்டாம்” என்று அவர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டார். வந்தவர் லேத் பட்டறைக்காரர்; முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவர் சண்டைக்கு வரவில்லை என்பதே எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

“கயித்த நிப்பாட்டாண்டாம் சார். பய ரெண்டு நாளா அதையேதான் பேசுதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வடத்தக் குடுத்தியளே டீச்சர், கட்டையக் குடுத்தியளா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“தேருக்குச் சக்கரத்துக்கு அடியில கட்டை போடுவாவல்லா, அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். இழுக்கவனுக்கு முன்னால இருக்கதுதான் தெரியும். பின்னால எம்புட்டுப் பெருசு வருதுன்னு அவனுக்குத் தெரியாது. நிப்பாட்டுக வேல அவனுதில்ல, எங்களுது. இழுக்கவன்கிட்டயே நிப்பாட்டவும் சொன்னா எப்பிடி நிக்கும்? நீங்க முன்னால நின்னு நில்லு நில்லுன்னு சொல்லியிருப்பிய. ஒருத்தனுக்கும் கேட்டிருக்காது.”

“சரி, கட்டையை யார் போடுவது?”

“சக்கரத்தப் பாத்துக்கிட்டே வாரவன். கூட்டத்தோட கூட்டமாக் கத்தாதவன்.”

அவ்வளவு சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். தலைமையாசிரியரும் கயிற்றை மீண்டும் அனுமதித்தார். இத்தனை ஆண்டுகளில் நான் கலந்துகொண்ட பாதுகாப்புப் பயிற்சிகள் எதிலும் எவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கூட்டத்தைக் கிளப்புகிறவரும் நிறுத்துகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். நிறுத்துகிறவர் பின்னால் இருக்க வேண்டும்.

அப்போதுதான் முத்துமாரியின் நினைவு எனக்கு வந்தது.

அவள் மூன்றாம் வகுப்பு. பிறவியிலேயே இடுப்பில் ஒரு குறை. இடதுகால் சற்றுக் குட்டை. ஒவ்வோர் அடிக்கும் ஒருபக்கம் சாய்ந்து எழுந்து நடப்பாள். விளையாட்டு நேரத்தில் புங்கமரத்தடியில் அமர்ந்து மற்றவர்களின் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் காவல் காப்பது அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அது அவளுடைய தாயின் வேண்டுகோள். அந்த அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை செய்பவர். “ஓரமா உக்கார வச்சிருங்க டீச்சர். விழுந்து எந்திரிச்சா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வீட்டுல ஆள் கெடையாது” என்று அவளைப் பள்ளியில் சேர்க்கும்போதே எனக்கு முந்தைய ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் முதல் வாரத்திலேயே முத்துமாரி என்னிடம் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“டீச்சர், பை ஓடாது. நான் பாக்காட்டியும் அது அங்கனதான் கெடக்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவளைக் கயிற்றின் கடைசி முடிச்சில் நிறுத்தினேன். “நீதான் கட்டை. எதையாவது பார்த்து நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் ‘கட்டை’ என்று கத்து. யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்” என்றேன்.

“ஹெச்.எம். சாருமா?”

“கயிற்றைப் பிடித்திருந்தால் அவரும்தான்.”

அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி எனக்குச் சற்றுக் கவலையளித்தது. கவலை வீண்போகவில்லை. முதல் நாள் அவள் பதினொரு முறை கட்டை போட்டாள். ஒரு முறை கண்ணன் பக்கத்துப் பையனைக் கிள்ளினான் என்பதற்காக. அது சரியான காரணம். மற்றொரு முறை அணில் குறுக்கே போனதற்காக. இன்னொரு முறை, “சும்மா, எல்லாரும் உக்காருதாவளான்னு பாத்தேன் டீச்சர்.” பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் அன்றைக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படவில்லை.

“ஏட்டி, நீ வேணும்னே பண்ணுத!” என்று கண்ணன் கத்தினான்.

“உக்காரு மொதல்ல. பொறவு பேசு” என்றாள் அவள்.

அவளைக் கண்டிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. செய்யவில்லை. எங்களுக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: கட்டை போட்டால் முதலில் நிற்பது, பிறகு காரணம் கேட்பது, காரணம் சிறியதாக இருந்தாலும் திட்டுவதில்லை. ஏனென்றால், அணிலுக்காக நிறுத்தியதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை, நாளை வேறொன்றைப் பார்க்கும்போது இது அணில்தானோ என்று ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு நான் அஞ்சினேன். இரண்டு மாதத்தில் பதினொன்று என்பது ஒன்று, இரண்டு என்று தானாகவே குறைந்துவிட்டது. அதிகாரம் புதிதாக இருக்கும்போதுதான் இனிக்கும்போலும்.

டிசம்பரில் அக்கம்பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு நாள் வந்தது. மைதானம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த உயர்நிலைப் பள்ளியில். முந்தின நாள் தலைமையாசிரியர் என்னை அழைத்தார்.

“கயிறு கொண்டு போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ண ஆட்டோவில அனுப்பிருவோம். ரோட்டுல அவ நடைக்கு மத்தப் பிள்ளைக நிக்க முடியாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நானும் நீங்களும்தான் பதில் சொல்லணும்.”

அவர் கெட்டவர் அல்லர். பொறுப்பைச் சுமப்பவர்கள் பேசும் மொழி அது. நாளை நீங்களும் பேசுவீர்கள். நான் முத்துமாரியின் தாயிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறினேன். அந்த அம்மா தறிக்கூடத்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

“நடக்க முடியாதுன்னு அவளே சொன்னாளா?”

“இல்லை.”

“அப்பம் நடக்கட்டும் டீச்சர். ஆனா இந்த ஒரு தடவதான். விழுந்து கிழுந்து வந்தான்னா, பொறவு பழையபடி மரத்தடிதான். நீங்க எதுவும் சொல்லக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். ஆக, மறுநாள் அந்தச் சாலையோரத்தில் நான் நின்றபோது, எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

தலைமையாசிரியர் பெரிய பிள்ளைகளோடு முன்னதாகவே சாலையைக் கடந்து அந்தப் பக்கம் நின்றார். எங்களுக்காக ஊர்க்காவல் படைத் தம்பி ஒருவர் நடுச்சாலையில் நின்று இருபுறமும் வண்டிகளை நிறுத்தினார். ஒருபக்கம் லாரிகள், மறுபக்கம் ஒரு மில் பேருந்தும் அதன் பின்னே பல வண்டிகளும். சாலையோரத்தில் ஒரு வேன் நின்றிருந்ததால் எங்கள் வரிசை அதைச் சுற்றி வளைந்திருந்தது. எனக்கு முன்வரிசைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் தெரிந்தார்கள். சாலை காலியாக இருந்தது. காலை எடுத்து வைத்தேன்.

“கட்டை!”

இருபத்தைந்து பிள்ளைகளும் சாலையோரத்துப் புழுதியில் அப்படியே உட்கார்ந்தார்கள்.

லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அழுத்தினார்கள். ஊர்க்காவல் தம்பி கையை நீட்டியபடியே, “வாங்க டீச்சர், வாங்க! எம்புட்டு நேரந்தான் இவங்களப் பிடிச்சு வைக்க?” என்று கெஞ்சினார். அந்தப் பக்கத்திலிருந்து தலைமையாசிரியர், “வாங்க, வாங்க!” என்று இரு கைகளாலும் அழைத்தார். இரைச்சலில் பின்னால் முத்துமாரி சொல்வது எதுவும் என் காதில் விழவில்லை.

அந்த நான்கைந்து நொடிகளைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவே: கண்ணுக்கெட்டியவரை ஆபத்து இல்லை, சாலை நமக்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறது, அழைப்பவர் என் மேலதிகாரி, நிறுத்தியவள் எட்டு வயதுச் சிறுமி, அணிலுக்காகவும் நிறுத்தியவள். கடந்து போய்விட்டு அந்தப் பக்கம் விசாரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. நியாயமான எண்ணமாகவே தோன்றியது. ஆனால் இருபத்தைந்து பிள்ளைகள் காரணம் தெரியாமல் அமர்ந்திருந்தார்கள். இன்று நான் அவர்களை எழுப்பி நடத்தினால், இனி எந்தக் கட்டைக்கும் எவரும் உட்கார மாட்டார்கள். நின்றால் இழப்பது சில நிமிடங்களும் சிலரின் நல்லெண்ணமும். நடந்தால் இழப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாத இழப்பைவிடத் தெரிந்த இழப்பை ஏற்பது நல்லது என்று முடிவு செய்தேன்.

“வண்டிகள விட்டுருங்க தம்பி. நாங்க அடுத்த தடவ வாரோம்” என்றேன்.

லாரிகள் கிளம்பின. பேருந்து கிளம்பியது. பேருந்தின் வாயிலில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. நான் பின்னால் நடந்தேன்.

முத்துமாரி உட்கார்ந்தபடியே கயிற்றைச் சுட்டிக் காட்டினாள். “ஒரு முடிச்சு சும்மா ஆடுது டீச்சர்.”

ஒன்றாம் வகுப்பு அபியின் முடிச்சு. வேனின் பின்புறம் போய்ப் பார்த்தேன். சக்கரத்தின் நிழலில் அவன் சம்மணமிட்டு அமர்ந்து, புது ஷூ ஒன்றைக் கழற்றித் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு சற்றும் பதறவில்லை.

“உள்ள கல்லு போயிட்டு டீச்சர். நீங்க போங்க, நான் ஓடி வந்துருவேன்.”

ஓடித்தான் வந்திருப்பான். நாங்கள் கடந்து முடித்து, வண்டிகள் கிளம்பிய பிறகு, எங்களைத் தேடி, தன்னந்தனியாக. சாலையின் இரைச்சலைக் கேட்டபடி நான் சிறிது நேரம் அவன் அருகிலேயே புழுதியில் அமர்ந்திருந்தேன். “ஒங்களுக்கும் கல்லா டீச்சர்?” என்று அபி அக்கறையோடு விசாரித்தான்.

இரண்டாம் முறை சாலை நிறுத்தப்பட்டபோது இருபத்தாறு முடிச்சுகளும் நிறைந்திருந்தன. முத்துமாரி சாய்ந்து எழுந்து, சாய்ந்து எழுந்து, கடைசியாகக் கரையேறினாள். விழவில்லை. நடந்ததைக் கேட்ட தலைமையாசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்றுக் கழித்து என்னிடம் கேட்டார்:

“ஒருவேள வெறும் அணிலா இருந்திருந்தா?”

“அப்பவும் நின்னுருப்பேன் சார்.”

அன்று மதியம் பரிசளிப்பின்போது அவர் முத்துமாரியைத் தம் அருகில் ஒரு நாற்காலியில் அமர்த்திக்கொண்டார். மாலையில் அவளுடைய தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அவ வீட்டுலயும் அப்பிடித்தான் டீச்சர். ஒண்ணு மாறியிருந்தா மொதல்ல கண்டுபிடிக்கது அவதான்” என்றார். மரத்தடியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது என்னைப் பாராட்டிக்கொள்ளும் கதையாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமையையும் சொல்லியாக வேண்டும்.

கயிற்றை விரித்ததும் பிள்ளைகள் அனைவரும் கடைசி முடிச்சுக்கு ஓடினார்கள். “நாந்தான் கட்டை!” “ஏலே, நான் மொதல்ல வந்தேன்!” கயிற்றின் ஒருமுனையில் இருபது பேர் மல்லுக்கட்ட, மறுமுனை கேட்பாரற்றுக் கிடந்தது. முத்துமாரி அந்தத் தள்ளுமுள்ளில் சேராமல் விலகி நின்றாள். அவளை இடித்துத் தள்ளிவிட்டார்களோ என்று எண்ணி, “எல்லாரும் தள்ளுங்க. அது முத்துமாரியின் இடம்” என்றேன்.

“எனக்கு வேண்டாம் டீச்சர்” என்றாள்.

“ஏன், யாராவது ஏதாவது சொன்னார்களா?”

“ஒண்ணுஞ் சொல்லல.” கயிற்றின் முன்முனையைக் காட்டினாள். “எனக்கு இழுக்கணும். தேர் அன்னைக்கு எங்கம்மா என்னயக் கூட்டத்துல விடமாட்டா. இதுலயாவது முன்னால பிடிக்கேன்.”

மரத்தடியிலிருந்து அவளை மீட்டுவிட்டதாக நான் மாதக்கணக்கில் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய காலுக்கு எது பொருந்தும் என்று தேடி, பொருத்தமான ஓர் இடத்தையும் கண்டுபிடித்து, அங்கே நிறுத்தி வைத்தேன். அவள் அதைச் சிறப்பாகச் செய்ததும் உண்மை. ஆனால் உனக்கு எந்த முடிச்சு வேண்டும் என்று ஒரு நாளும் அவளைக் கேட்கவில்லை. மற்ற இருபத்தைந்து பேரும் தாங்களாகவே ஓடிப்போய்ப் பிடித்த கயிற்றில், அவளுக்கு மட்டும் நான் இடம் தேர்ந்தெடுத்திருந்தேன். இந்தத் தவறை நீங்களும் செய்வீர்கள், நல்லெண்ணத்தோடுதான் செய்வீர்கள். அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

முதல் முடிச்சை அவளிடம் கொடுத்தேன். கடைசி முடிச்சைக் கண்ணன் எப்படியோ கைப்பற்றியிருந்தான். நான் கயிற்றை விட்டு ஒதுங்கி நின்றேன்.

“கோவிந்தா!” என்றாள் முத்துமாரி, தொண்டை கிழிய.

“கோபாலா!”

கயிறு நகர்ந்தது. அவள் முழுப் பலத்தோடு முன்னால் சாய்ந்து இழுத்தாள். கொடிக்கம்பத்தைத் தாண்டினாள். திருப்பத்தில் வேகத்தை இன்னும் கூட்டினாள். நடுவிலிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கால்களை எட்டிப் போட்டார்கள். சத்துணவுக் கூட வாசலில் அக்கா வந்து நின்று பார்த்தார்.

“கட்டை!” என்று பின்னாலிருந்து கண்ணன் கத்தினான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். முத்துமாரியும் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்து, “எதுக்குல போட்ட?” என்று கேட்டாள்.

“ஏட்டி, செத்த மெதுவாப் போடி!” என்றான் கண்ணன். “நாங்கள்லாம் வர வேண்டாமா?”